510510

மூஸ் ஜா தாண்டி முக்கால் மணிநேரம்.
சாப்ளின் ஏரிக்கரையில்
எது உப்பு எது பனி என்று
ஹெட்லைட்டுக்குத் தெரியவில்லை.
பின்னால் நாற்பது டன் மைசூர்ப் பருப்பு,
படுக்கையில் ஹர்விந்தரின் குறட்டை,
ஸ்டியரிங்குக்கு மேலே
510507.

நேற்று வின்னிபெக்கில் டீசல் பிடிக்கும்போதே
கணக்குப் போட்டுவிட்டேன்.
அவன் ஓட்டவேண்டிய ஒரு மணிநேரத்தைக்
கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஏன் என்றான்.
தூக்கம் வரவில்லை என்றேன்.

முப்பதாயிரத்து முப்பதைக் கடந்தபோது
இந்த வண்டி வேறு யாரிடமோ இருந்தது.
அவர் குனிந்து பார்த்தாரோ என்னவோ.

இதோ.
வேகத்தைத் தொண்ணூறுக்கு இறக்குகிறேன்.
நாற்பது விநாடி இந்த எண் என்னுடையது.

அதே மூன்று இலக்கம் இரண்டு தடவை,
அப்படியென்றால் உள்ளே ஆயிரத்தொன்று இருக்கிறது.
அதைத் தட்டினால்
ஏழு, பதினொன்று, பதின்மூன்று.
மிச்சமுள்ள ஐந்நூற்றுப் பத்தை உடைத்தால்
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.
முதல் ஏழு பகா எண்களும் வந்தாயிற்று,
ஆளுக்கு ஒரே தடவை,
நடுவில் ஒருவரும் விடுபடாமல்.

பகா எண் என்றால் பங்கு பிரியாதது.
தன்னையும் ஒன்றையும் தவிர
யார் வந்தாலும் மீதி காட்டி அனுப்பிவிடும் அழுத்தம்.
அப்படிப்பட்ட ஏழும் பெருக்கிக்கொண்டதும்
நூற்று இருபத்தெட்டு விதமாய்
மிச்சமின்றிப் பகுந்து கொடுக்கிறது.

எழுநூற்றுப் பதினான்கும்
எழுநூற்றுப் பதினைந்தும் பெருக்கினாலும் இதுவே.
ஒட்டிய சுவர்,
இந்த வீட்டில் நால்வர், அந்த வீட்டில் மூவர்,
ஒன்றைத் தவிரப் பொதுவில் ஒன்றுமில்லை.

டேங்கர் ஒன்று பின்னால் ஹார்ன் அடிக்கிறது.
போ, முந்திக்கொண்டு போ.

எல்லோருக்கும் உண்டு என்று சொல்லிவிட முடியாது.
நான்கு வந்தால் இரண்டு மிஞ்சும்.
பத்தொன்பது வந்தால் பதினெட்டு மிஞ்சும்.
இன்னும் ஒன்று இருந்தால் போதும்,
அந்த ஒன்று இங்கே இல்லை.
பத்தொன்பதையும் இதே பந்தியில் உட்காரவைக்க
9699690 வரை ஓட்டவேண்டும்.
இந்த இன்ஜின் தாங்காது. நானும்தான்.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.

510511.
இரண்டுக்கு இல்லை, மூன்றுக்கு இல்லை,
பதினேழு வரைக்கும் கதவு சாத்தியாயிற்று,
ஏழு பேர் கையிலும் ஒன்று மீதி.
வெளியே நின்ற பத்தொன்பது மட்டும்
உள்ளே நுழைகிறது,
தொண்ணூற்றேழையும் இருநூற்று எழுபத்தேழையும்
கூட்டிக்கொண்டு.

குறட்டை நின்றிருக்கிறது.
"ஏன் மெதுவாகப் போகிறாய்?"
மான் குறுக்கே வந்தது என்கிறேன்.
"எத்தனை?"
ஏழு.
கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்:
பின்னாலேயே தனியாக
இன்னொன்று.