கீழிருந்து பெய்யும் மழை

திங்கட்கிழமை பிலிமத்தலாவையில் கட்டுரை கொடுக்க வேண்டும்.
அப்புத்தளை லயத்தில்
மாவு மூட்டைமேல் தாள் விரித்து
உலகத்தின் வடிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய எபிரேயர் அதைத் தூண்களில் நிறுத்தினார்கள்.
மேலே தண்ணீர், கீழே தண்ணீர்,
நடுவில் அடித்துத் தட்டிய தகடாய் வானம்.
எங்கள் கூரையும் தகரம்தான், ஒழுகும்.

யூத ஞானி ஒருவர்
விக்கிரகத்தின் கையில் பந்தைப் பார்த்து
அதுதான் உலகம் என்றார்.
வியாபாரம் விட்டுத் துறவியான ஒருவன்,
இந்தத் தீவைப் பற்றியும் எழுதியவன்,
மூடி வளைந்த பெட்டி என்றான்.
அவன் சொன்ன அளவைக் குறைத்தால்
எங்கள் காம்பரா.

இலத்தீனில் ஒருவர் சிரித்தார்:
உருண்டையென்றால்
அடிப்பக்கத்தவனுக்குக் கால் மேலேயா?
மரம் கீழ்நோக்கி வளருமா?
மழை மேல்நோக்கிப் பெய்யுமா?

அந்த வரியில் பேனா நிற்க
மதினி தெபோராள் வெறுங்கூடையோடு வாசலில்.
தலைத்துண்டு காய்ந்திருக்கிறது.
படங்குக்குள் இடுப்புவரை ஈரம்,
தாடையில் சொட்டுகிறது.
"பெரகலப் பக்கத்துக் காத்து.
மழை கீழயிருந்து மேல பெய்யுது.
நிறுவை பத்தலைன்னு அரைப்பேர் போட்டுட்டான்."

என்ன எழுதுகிறாய் என்றாள்.
உலகம் தட்டையா உருண்டையா என்று.
படங்கை அவிழ்த்து உதறினாள்,
என் எபிரேயர்மேல் தெறித்தது.
"சரிவுன்னு எழுது."

எழுதலாம்.
அடிக்குறிப்புக்கு இடமிருக்கிறது.
ஆசிரியர் பெயர் தெரியும்.
பக்கம் எண்
என்ன போடுவது?