இருபது தெத்ரி

இறங்குவது இலவசம்.
ஏறத்தான் காசு கேட்கும்
எங்கள் கட்டடத்து லிஃப்ட்.
திபிலிசியின் இந்தக் கோடியில்
எல்லா லிஃப்டும் அப்படித்தான்.

மூன்றாம் தேதி, இருட்டும் நேரம்,
ஜும்பேரைக் கொண்டுவந்து
கீழ்வாசலில் விட்டுப் போனது ஆம்புலன்ஸ்.
இடுப்புக்குள் புது உலோகம்,
மடியில் மருத்துவமனைப் பை,
ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு.
சில்லறை இல்லை அவரிடம்.
என்னிடம் இருந்தது. போட்டேன்.
எட்டாம் மாடி வரும்வரை
எண்கள் மாறுவதையே
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.
அவர் வீட்டுக் குழாய் ஓடுவது
என் அடுப்புக்கு நேர் மேலே.
இரண்டு முறை வெள்ளையடித்தேன்,
ஒரு முறை போலீசுக்குப் போனேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
கறையைப் பார்த்தபடியே
உருளைக்கிழங்கு உரிக்கப் பழகிவிட்டது.

வூச் நகரத்திலிருந்து மகன் பேசினான்.
“நெஸ்தான் அக்கா, ஒரு வாரம் மட்டும்.”
வாரம் என்றால் எத்தனை நாள் என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காய் மடித்த ஒரு தாள்தான்
அவர்கள் கொடுத்தனுப்பிய மொத்த அறிவு.
டாக்டரின் கையெழுத்து
மழையில் ஓடிய எறும்பு வரிசை.
மருந்துக்கடைப் பெண் படித்துச் சொல்ல
முட்டை அட்டையின் குழிகளில்
காலை, மதியம், இரவு என்று
மாத்திரைகளை அடைகாக்க வைத்தேன்.
ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி
வயிற்றில்.
முதல் நாள் என் கை நடுங்கியது.
“டிராலிபஸ் பிரேக்கை விடவா கஷ்டம்?” என்றார்.
முப்பது வருடம் அதை ஓட்டியவர்.
பதினோரு வருடத்தில்
அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.
நான் பதில் சொல்லவில்லை. குத்தினேன்.

நடைச்சட்டம் தாழ்வாரத்துக் கம்பளத்தில் மாட்டியது.
சுருட்டி எடுத்தேன்.
அடியில்
சிமெண்ட் ஒட்டுகள்.
ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல்,
ஒன்றில் விரல் தடம்,
ஒன்று இன்னும் முழுதாய்க் காயாதது போலக் கறுப்பாய்.
ஓட்டுநர் கை பூசியது, கொத்தனார் கையல்ல.
குழாய் எங்கே ஒழுகுகிறது என்று
தெரியாமலே தேடியிருக்கிறது அந்தக் கை,
ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தள்ளி.
சமையலறையில் அவர் இருமினார்.
கம்பளத்தைப் பால்கனியில் கொண்டுபோய்
தேவைக்கு மேல் தட்டினேன்.

ஒன்பதாம் நாள் தொடையில் சிவப்பு.
போனில் நர்ஸ் சொன்னாள்:
பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடு,
நேரம் எழுது,
காலைக்குள் கோட்டைத் தாண்டினால் கூட்டிக்கொண்டு வா.
அந்த வயசான தோலில் நீலமாய் ஒரு தீவு வரைந்தேன்.
கூச்சத்தில் அவர் ஜன்னலைப் பார்த்தார்,
நான் மணியைப் பார்த்தேன்.
இரவு முழுக்க நாற்காலியில்.
இரண்டுக்கு, நான்கரைக்கு, ஆறுக்கு
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தாண்டவில்லை.
ஆறரைக்கு அவர் பசிக்கிறது என்றார்,
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது,
வெங்காயம் எதுவும் நறுக்காமலே.

படிக்கட்டுக்கு ஒரு விதி உண்டு:
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது நொந்த கால் முன்னே.
அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன்.
இருபத்தாறாம் நாள்
என் கதவை யாரோ தட்டினார்கள்.
பதினாறு படி, தனியாக,
கைத்தடியோடு, வியர்த்துப் போய், ஜும்பேர்.
நேரே சமையலறைக்குப் போனார்.
அண்ணாந்து பார்த்தார்.
வெகுநேரம்.

“இன்னும் ஒழுகுதா?”

“ஒழுகுது.”

பொய் சொல்லியிருக்கலாம்.
அவரும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ,
உதடு லேசாகக் கோணியது.
பிறகு கேட்டார், பென்சில் இருக்கிறதா என்று.
அவரால் ஸ்டூலில் ஏற முடியாது.
நான் ஏறினேன்.
கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன்,
பக்கத்தில் தேதி எழுதினேன்.
கீழேயிருந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்,
யார் விழுந்தால் யாரைத் தாங்குவதென்று
தெரியாத ஒரு பிடி.

“தாண்டினால் சொல்லு,” என்றார்.

திரும்ப ஒரே ஒரு மாடிதான்.
ஆனாலும் லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன்.
பையைத் துழாவினேன்.
அதற்குள்
அவர் காசு போட்டுவிட்டார்,
இரண்டு பேர் ஏறுவதற்கும்
அதே இருபது தெத்ரிதான் என்று
என்னையும் உள்ளே வரச் சொல்லி.