மேட்சிங்

பாத்ரூம் சுவரில் ஒட்டியிருந்ததை
வெள்ளரி விதை என்று நினைத்துத்தான்
நகத்தால் சுரண்டப் போனேன்.
விதை நடந்தது.

நகக்கண் தூரம்தான் இருக்கும் அந்த நடை.
பிறகு நின்று
இந்த முனைக்குள் தலையை இழுத்துக்கொண்டு
அந்த முனை வழியாக எட்டிப் பார்த்தது.
"இங்கிட்டும் வாசல், அங்கிட்டும் வாசல்"
என்றாள் அக்கா, வாயில் பேஸ்ட் நுரையோடு.
"ஜெய்ஹிந்த்புரத்துல இப்பிடி ஒரு வீடு
அஞ்சாயிரத்துக்குக் கெடைக்குமாடி?"

எதிர்ப் போர்ஷன் பல்கீஸ் சொன்னாள்: சுவர்ப்பேன்.
தண்ணீர் கேன் போடுகிற பையன்: மூட்டைப்பூச்சிக்குச் சித்தப்பா.
வீட்டுக்காரர் சவரியப்பன் மாடியிலிருந்து இறங்கி வந்து
அது பூச்சியே இல்லை, சிமெண்ட் பூத்திருக்கிறது என்றார்,
சுவர் ஊறுவதைப் பற்றி நாங்கள் பேச்செடுப்பதற்கு முன்னால்.
ஒத்தக்கடை விவசாயக் காலேஜ் லேபில் இருக்கும்
அக்காவின் கொழுந்தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
லத்தீனில் ஒரு பெயர் சொன்னான்.
எழுதிக்கொள்வதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது.
அந்து வகைப் புழு, கடிக்காது,
தூசி முடி நூல் என்று கிடைத்ததை ஒட்டிக்
கூடு கட்டிக்கொள்ளும் என்றது மட்டும் மிச்சம்.

நூல் என்றதும்
அது என் டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது.

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில்
பதினோரு வருஷமாக ரவிக்கைத் துணி கிழிக்கிறேன்.
வாடாமல்லிக்கும் கத்திரிப்பூவுக்கும் நடுவில்
பெயரில்லாமல் நிற்கிற கலரைக்கூட
வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தால்
இன்ன ரேக், இன்ன வரிசை என்று சொல்லிவிடுவேன்.

கரண்ட் அட்டையின் முதுகில் அதை ஏற்றி
ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

எட்ட இருந்து பார்த்தால் யானைக் கலர்.
கிட்டத்தில் அப்படி ஒரு கலரே இல்லை.
சுண்ணாம்புத் துணுக்கு. மணல்.
அக்காவின் முடி, பாதி சாயம் பாதி நரை.
கொசுவத்திச் சாம்பல் என்று நினைக்கிறேன், உறுதியில்லை.
கொஞ்சம் மயில்கழுத்து:
அது என் முந்தானையில் ஒட்டிக் கடையிலிருந்து வந்தது,
அந்தப் பீஸ் ஆடித் தள்ளுபடியிலேயே தீர்ந்துவிட்டது.

அப்புறம், ஒரு வாசலை ஒட்டி,
ஒரே ஒரு இழை ரோஸ்.

எங்கள் இரண்டு பேரிடமும் ரோஸ் கிடையாது.
அதுவும் கம்பளி.
இந்த ஊர் வெயிலில் யாருக்கு வேண்டும் கம்பளி,
பிறந்த பிள்ளையின் தொப்பிக்குத் தவிர.

எங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று
சவரியப்பனிடம் கேட்டேன்.
தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா பார்க்கப் போய்விட்டார்.
பல்கீஸ்தான் குரலை நாலாக மடித்துச் சொன்னாள்:
"மேலூர்க்காரப் புள்ள. அதுவும் அது புருசனும்.
ஒரு வருசம் இருந்தாங்க.
வந்தப்பவும் ரெண்டு பேரு,
போனப்பவும் ரெண்டு பேருதான்."

மேற்கொண்டு கேட்கவில்லை.
கடையில் சில பேர் இப்படித்தான்,
கிழிந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டி
இதற்கு இருக்கா என்பார்கள்.
இருந்தாலும் எடுத்துத் தரக் கை வராது.

அட்டையைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன்.
வெகுநேரம் அது அசையவில்லை.
பிறகு ரோஸ் இருந்த வாசல் வழியாகவே தலை நீட்டிச்
சுவரைப் பற்றியது.

"குளிக்கணும், தள்ளு" என்றாள் அக்கா
வாளியோடு நின்றுகொண்டு.
என்னைச் சொன்னாளா அதையா தெரியவில்லை.
நான் தள்ளினேன்.
அதுவும்,
ஒரு நகக்கண் தூரம்.