நாற்காலிக் கணக்கு

அறுநூறு நாற்காலி. வெள்ளை பிளாஸ்டிக்.
முன்வரிசைக்கு உறை போட்டது நாற்பது.
மாகாண அரசு எதை அறிவிக்கப் போனாலும்
ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான்.
கிம்பர்லியிலிருந்து போன் வரும்:
வியாழன் காலை, பெரிய கூடாரம்,
காற்று அடிக்குமா?
அடிக்கும் அம்மா. இது வட கேப்.
இங்கே அடிப்பதற்கு வேறென்ன இருக்கிறது.

முதல் நாளே நானும் ஸ்டோஃபெலும் லாரியில் போய்விடுவோம்.
முளை இறங்காத மண்.
கல்வெட்டைத் துணியால் மூடுவது என் வேலையில்லை,
ஆனாலும் நான்தான் மூடுவேன்.
கிளிப்டாமில் ஒரே தொழிற்பேட்டைக்கு
மூன்று கல்வெட்டு மூடியிருக்கிறேன்,
மூன்றிலும் வேறு வேறு பெயர்.
மூன்றாவதன் பின்னால் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.
நிழல் விழுகிறது, குறை சொல்ல முடியாது.

நல்ல வரும்படி முதலீட்டு மாநாட்டில்தான்.
மூன்று நாள். குளிரூட்டிக்குத் தனிக் காசு.
திரையில் ஒரு பச்சை அம்பு
ஏறிக்கொண்டே போய்ச் சட்டத்துக்கு வெளியே மறைந்தது.
இத்தனை பில்லியன், அத்தனை பில்லியன் என்று
கையெழுத்துப் போட்டவர்கள்
பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்கள்.
பேனா என்னுடையது.

போன ஆகஸ்டில் இளைஞர் திறன் பயிற்சி நிறைவு விழா.
நூற்றிருபது பேர். அதில் கெனெய்ல்வே,
பெயர் கூப்பிட்டதும் மேடையின் இரண்டு படியை
ஒரே எட்டில் தாண்டியவள்.
சூரியத் தகடு பொருத்த ஆறு மாதம், பற்றவைப்புக்கு மூன்று.
ஊரைத் தாண்டினால் கண் போகும் தூரம்வரை தகடுகள்தான்.
எல்லாம் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது,
துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள்.
துடைக்கப் போனாள்.
அதற்கு அரை நாள் பயிற்சி,
சான்றிதழ் கிடையாது.

மார்ச் மாதக் காற்று என் கூடாரத்தின் காலை முறித்தபோது
அவளைத் தேடிப் பிடித்தேன்.
கருவி இரவல், முகமூடி இரவல்.
வெட்டவெளியில் அவள் குனிந்திருந்த இடத்தில் மட்டும்
பகலைவிட வெளிச்சமான ஒரு புள்ளி.
ஸ்டோஃபெல் பார்க்காதே என்றாலும் பார்த்தான்,
இரவெல்லாம் கண் எரிந்தது அவனுக்கு.
எவ்வளவு என்றேன்.
வரி எண்ணோடு அச்சடித்த ரசீதை நீட்டினாள்,
தொழில்முனைவோர் வகுப்பில் சொல்லித்தந்தார்களாம்.
பேரம் பேசிப் பார்த்தேன். அசையவில்லை.
அதையும் அங்கேதான் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

இனி பாலம்.
எட்டு வருடம் வெறும் தூண்களாய் நின்றது.
அடிக்கல்லுக்கு ஒரு முறை,
பணி மறுதொடக்கத்துக்கு ஒரு முறை,
இரண்டு தடவை நாற்காலி போட்டிருக்கிறேன்.
திறப்பு விழா மே என்றார்கள், பிறகு ஜூன்,
பிறகு முதல்வருக்கு நாள் ஒழியவில்லை.
அறுநூறையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காத்திருந்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ
தடுப்புப் பீப்பாய்களை உருட்டி ஓரம் கட்டிவிட்டார்கள்.
முதலில் போனது ஆம்புலன்ஸ் என்கிறார்கள் சிலர்,
பள்ளிக்கூட வேன் என்கிறார்கள் சிலர்.
கழுதை வண்டி என்று சத்தியம் செய்கிறான் ஸ்டோஃபெல்.
ரிப்பன் இல்லை, கத்தரி இல்லை,
எனக்கு ஒரு ராண்டும் இல்லை.

நேற்று அக்கரையில் ஒரு சாவு. நூறு நாற்காலி.
மழை நாளில் எழுபது கிலோமீட்டர் சுற்றும் இடத்துக்கு
நான்கு நிமிடம்.
நடுப்பாலத்தில் நிறுத்தச் சொன்னான் ஸ்டோஃபெல்.
இறங்கிப் போய்க் கைப்பிடிக் கம்பியை
உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.
கீழே தண்ணீர் இல்லை,
ஆற்று மணலில் வண்டித் தடம் மட்டும்
பழைய வழியில் போய்க்கொண்டிருந்தது.
நல்லாத்தான் கட்டியிருக்கான்கள் என்றான்,
யார் மேலேயோ கோபம் மாதிரி.

சாவு வீட்டில் பழைய தூரத்துக்கே கூலி வாங்கினேன்.
கேட்டிருந்தால் குறைத்திருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.