மெய்யெழுத்து

முதலில் போனது வல்லினம்.
க, ச, த, ப
சொல்லாமல் கொள்ளாமல் போட்டுதுகள்.
மெல்லினம் கொஞ்சநாள் நிண்டது,
பந்தி முடிஞ்சும் எழும்பாத ஆக்கள் மாதிரி.

இருபத்தாறு வருசம்
சுன்னாகத்திலை மா மில்.
மிளகாய், அரிசி, ஒடியல்
எல்லாத்துக்கும் ஒரே இரைச்சல்.
அந்த இரைச்சலுக்கு நான் வட்டி கட்டினது காதாலை
எண்டு இப்பதான் கணக்குப் பாக்கிறன்.

இப்ப எனக்கு உயிர் மட்டும் கேக்குது.
மெய்யை நான்தான் போட வேணும்.
"ஆ... உ" எண்டு ஒராள் வாயைத் திறந்தால்
காசோ, நாலோ, மாவோ, சாக்கோ
எது எண்டு
அவற்றை முகத்தையும் கையிலை கிடக்கிற பையையும் பாத்து
முடிவெடுக்கிறதுக்குள்ளை
ஆள் அடுத்த வசனத்துக்குப் போட்டுது.
பின்னேரம் நாலு மணிக்கு,
மூட்டை தூக்காத நாளிலும்,
பிடரிக்குள்ளை மூட்டை தூக்கின வலி.

யதுசா போன கிழமை
கம்பஸிலை தனக்கு என்ன பாடம் கிடைச்சது எண்டு சொன்னவள்.
மூண்டு தரம் சொன்னவள். மறந்துபோனன்.
"அத்தானுக்கு மறதி துவங்கீட்டுது" எண்டு
மச்சான் சொன்னது
மட்டும் வடிவாய்க் கேட்டது.
மறதி இல்லை, மச்சான்.
விழுகிற சொல்லைப் பொறுக்கிறதிலையே
ரெண்டு கையும் முடிஞ்சுபோகுது.
அலுமாரியிலை அடுக்க
மூண்டாம் கை கிடையாது.

ஒரு செத்தவீட்டிலை சிரிச்சும்போட்டன்.
முன்னாலை இருந்தவற்றை வாய்
சிரிக்கிற மாதிரிக் கோணினது, நானும் சிரிச்சன்.
அவர் அழ வெளிக்கிட்டவர்.
அதுக்குப் பிறகு கலியாணம், திவசம் ஒண்டுக்கும் இல்லை.
"மில்லிலை வேலை."

அதைக்கூடத் தாங்கலாம்.
வெறும் இடத்திலை மூளை போடுகிற மெய்
எப்பவும் கெட்ட மெய்.
குசினியிலை தவரூபியும் தமக்கையும் கதைச்சால்
அதுக்குள்ளை என்ரை பேர் இருக்கு.
ரெண்டு பேர் சிரிச்சால் பகிடி நான்தான்.
ஒரு இரவு கேட்டே விட்டன்.
அவள் கடதாசி எடுத்து எழுதிக் காட்டினாள்:
"புளி முடிஞ்சுது எண்டு சொன்னனான்."
அந்தக் கடதாசியைக் கனநாள் கிழிக்கேல்லை.
நம்பவும் இல்லை.

போதனா வைத்தியசாலையிலை
கண்ணாடி வைச்ச பெட்டியறைக்குள்ளை இருத்தி
சத்தம் கேட்டால் பட்டனை அமத்தச் சொன்னவை.
எனக்குள்ளை எந்த நேரமும் ஒரு சில்வண்டு;
அதுக்கும் சேர்த்து அமத்திக் குடுத்தன்.
கடதாசியிலை வந்த கோடு
கீரிமலைக் கேணிப் படி மாதிரி
இறங்கி இறங்கித்
தண்ணிக்குள்ளை போனது.

மெசின் போட்ட முதல் நாள்
சந்தோசம் வரேல்லை, கோவம் வந்தது.
சொப்பின் பாக், கரண்டி, என்ரை செருப்பு,
தகரத்திலை ஆணி கீறினமாதிரித் தவரூபியின்ரை குரல்.
"காது இல்லை, மூளைதான் பழக வேணும்.
மாசக்கணக்காகும்" எண்டார் டொக்டர்.
கனவிலை மட்டும்
எல்லாரும் முழு எழுத்தோடை கதைக்கினம்.

நேற்றுக் குசினி வாசலிலை போய் நிண்டு
"என்னவும் கதையன்" எண்டன்.
முழுசினாள்.
பத்து வருசமாய் அவள் எனக்குச் சொன்னதெல்லாம்
சோறு. காசு. கரண்ட் பில். படலையிலை ஆள்.
கத்திச் சொல்லப் பெறுமதியான சொல்லுகள்.
பெறுமதி இல்லாத கதையெல்லாம்
எப்பவோ செத்துப்போச்சு,
நாங்கள் ரெண்டுபேரும் அதுக்கு அழவும் இல்லை.

"என்னத்தைக் கதைக்கிறது?"
அந்த 'த்தை' முள்ளுப்போலத் தெளிவாய் விழுந்தது.
பிறகு, சட்டியைப் பாத்துக்கொண்டு,
முன்வீட்டு ஆடு
கம்பி வேலிக்குள்ளாலை தலையை விட்டு
எங்கடை செவ்வரத்தையை

அதுக்கங்காலை விளங்கேல்லை.
வழமைபோலத் தலையாட்ட வெளிக்கிட்டு
நிப்பாட்டினன்.

"செவ்வரத்தையை?"