மூணு சீட்டு

எட்டு இருபதுக்குக் கேட்டு போட்டுவிட்டான்.
கொருக்குப்பேட்டையில் அது புதுசில்லை.
ஒன்பதரைக்கு எனக்கு இன்டர்வியூ,
மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு,
டாக்குமெண்டேஷன் அசிஸ்டென்ட்,
பிடித்தம் போகப் பதினாலாயிரம்.

ஸ்கூட்டி ஷமீமாவுடையது.
ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்:
"நான்தான் எச்.ஆர். சொல்லு.
அஞ்சு வருஷம் கழிச்சு உன்ன எங்க பாக்குற?"

டாங்கர் வண்டி நகர ஆரம்பித்தது.
பெட்டிக்கு ஒரு வார்த்தையாக ஒப்பித்தேன்.
நிறுவனத்தின்
வளர்ச்சியோடு
சேர்ந்து
நானும்
வளர்ந்து
ஒரு
பொறுப்பான
பதவியில்
என்னைப்
பார்க்க
விரும்புகிறேன்.

பதினோரு பெட்டியில் முடிந்துவிட்டது.
மிச்சம் முப்பத்தொன்பதும் சும்மா போயின,
நிரம்பியதா காலியா என்று
வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்.

"நல்லாத்தான் கீது," என்றாள் ஷமீமா,
"ரேஷன் கடை மெஷின் பேசுறாப்ல."

உள்ளே மூன்று பேர். ஒரே ஏசி, நேராக என் கழுத்துக்கு.
நடுவில் இருந்தவருக்கு என் பெயர் வாயில் நிற்கவில்லை.
எப்சிபா, சார்.
அர்த்தம்?
அவளிடத்தில் என் பிரியம்.
யாருடைய பிரியம் என்று கேட்டுச் சிரித்தார்.
சிரித்து வைத்தேன்.

டைப்பிங் வேகம் கேட்டார்கள்.
நைட் ஷிஃப்ட் முடியுமா, வீட்டில் விடுவார்களா,
கல்யாணம் எப்போது என்பதை
கல்யாணம் என்ற சொல்லே வராமல் கேட்டார்கள்.
பிறகு அது வந்தது.
பேனாவை மூடி வைத்துவிட்டு, சாவகாசமாக:
ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?

பதினோரு வார்த்தையில் முதல் வார்த்தையைத் தேடினேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது போல.

எங்கள் வீட்டில் ஐந்து வருடத்தை
யாரும் முழுசாகக் கையில் பிடித்ததில்லை.
லோடு கிடைத்தால் அப்பாவுக்கு நாளை உண்டு.
தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்.
கிரைண்டர் பன்னிரண்டு தவணை.
ராத்திரி காற்று திரும்பி
நெஞ்சைக் கமறும் நெடி வந்தால்
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது,
அதுதான் எங்கள் முன்யோசனை.
எங்களிடம் இருக்கும் மிக நீளமான அளவுகோல்
லூர்தம்மாவிடம் கட்டும் சீட்டு.
மாதம் ஐயாயிரம், இருபது மாதம்.

இருபது, நாற்பது, அறுபது.

"மூணு சீட்டு, சார்" என்றேன்.

புருவம் ஏறியது.
இடது பக்கம் இருந்தவர்
ரெஸ்யூமில் என் முகவரியை
இன்னொரு தரம் பார்த்தார்.

"ஆடுற சீட்டு இல்ல சார். கட்டுற சீட்டு."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.
முதல் சீட்டு தம்பி படிப்புக்கு வாங்கிய கடனுக்கு.
இரண்டாவது அட்வான்ஸுக்கு,
தனி பாத்ரூம் இருக்கிற வீடு,
காலையில் பக்கெட்டோடு வரிசை நிற்காத வீடு.
சொல்லும்போதே தெரிந்தது,
இதில் நிறுவனம் எங்கேயும் இல்லை,
அதன் வளர்ச்சியும் இல்லை.

"மூணாவது?"

கேட்டது அதுவரை பேசாத அம்மா.
கண்ணாடியைக் கழற்றிப்
புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

"தெரியல, மேடம்.
அத மட்டும் இன்னும் யாருக்கும் குடுக்கல."

அவர் எதையோ எழுதினார்.
தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன்,
கையெழுத்து மோசம்.
போன் பண்ணுகிறோம் என்றார்கள்.

திரும்பும்போதும் கேட்டு மூடியிருந்தது.
மீன்பாடி வண்டி, மூன்று ஷேர் ஆட்டோ,
குனிந்து உள்ளே நுழைகிற ஸ்கூல் பையன்கள்,
அவர்களைத் திட்டிக்கொண்டே
தானும் குனிகிற ஒரு தாத்தா.

"இன்னா சொன்ன?"
சொன்னேன்.
ஷமீமா வண்டியை ஆஃப் பண்ணினாள்.
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து
கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தாள்.

"ஏலமா, குலுக்கலா?" என்றாள்.