கேள்வி நேரம்

எல்லோர் கழுத்திலும் பெயர் தொங்குகிறது.
என் அட்டையில் 'ஒலி–ஒளி' என்று மட்டும்.
மணிக்குப் பதினோரு டாலர்.
கை தூக்குகிறவரிடம் மைக்கைக் கொடுத்து
பேசி முடித்ததும் வாங்கிவர வேண்டும்.
இனமும் அடையாளமும், பன்னிரண்டாம் ஆண்டு மாநாடு.
வெளியே டுலூத்தின் ஏப்ரல்.
ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடைந்து முடியவில்லை.

காலை ஏழரைக்கு அரங்கு காலி.
மைக்கைச் சோதிக்க வேண்டுமே என்று
அம்மாவின் மொங் மொழியில் எண்ணினேன்:
இ, ஓ, பே.
கடைசி வரிசையில் தூசு உறிஞ்சியை நிறுத்திவிட்டு
துப்புரவுப் பணியாளர் அவாலே
தன் சோமாலியில், நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்:
அஃபர், ஷன், லிஹ்.
ஏழுக்கு நான் வந்தேன்.
பத்தில் நின்றுவிட்டோம்;
அதற்கு மேல் எண்ண
இருவருக்கும் நேரமில்லை.

கூடத்தில் உலக வரைபடம், ஒரு கிண்ணம் நிறையக் குண்டூசி.
'உங்கள் வேர் எங்கே?'
நார்வேயில் ஊசி குத்த இடமில்லை.
ஒஜிப்வே இனத்து டெலோரஸ் லாப்ரேரி
கைப்பையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் கடல்களைப் பார்த்தார்.
பிறகு வரைபடத்துக்கு ஓரடி தள்ளி
சுவரிலேயே குத்தினார்.
பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது.

மைக்கை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறார்கள்.
சிலர் தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மாணவன்
ஐஸ்கிரீம் போல வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.
'மைக் எதற்கு, என் குரலே எட்டும்' என்பவர்கள்
எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்.
எந்த மாதிரி என்று சொல்ல மாட்டேன்,
அடுத்த ஆண்டும் எனக்கு இந்த வேலை வேண்டும்.

மூன்றரை மணி அமர்வில்
ரெய்னோ லேஹ்தி எழுந்தார். ஓய்வுபெற்ற ரயில்காரர்.
'இது கேள்வியில்லை' என்றார்.
(அரங்கு பெருமூச்சு விட்டது.)
'ஃபின்லாந்திலிருந்து வந்த என் தாத்தாவை
வெள்ளையர் இல்லை என்றார்கள் இதே ஊரில்.
தாதுத் துறைமுகத்தில் வேலை தர மறுத்தார்கள்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.'

மேடையில் பேராசிரியர் ஒடெஸ்ஸா ப்ரூயிட்
கண்ணாடியைக் கழற்றினார்.
'எழுதிக்கொண்டேன். பிறகு ஒருநாள்
வெள்ளையர்தான் என்று சொல்லியிருப்பார்களே,
அன்றைக்கு உங்கள் தாத்தா என்ன செய்தார்?'

மைக் அவரிடம்தான் இருந்தது.
நான் பக்கத்தில் கை நீட்டியபடி நின்றேன்,
வாங்குவதா வேண்டாமா தெரியாமல்.

'வீடு வாங்கினார்.'
'எந்தத் தெருவில்?'
சொன்னார்.

தலையாட்டினார் ஒடெஸ்ஸா, அவ்வளவுதான்.
அவர் காலையில் படித்த கட்டுரை
அந்தத் தெருவின் பத்திரங்களைப் பற்றியது;
கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதென
தட்டச்சில் கோணலாக விழுந்திருந்த ஒரு வரியைப் பற்றியது.
ரெய்னோ மதியம்தான் வந்திருந்தார்.
பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதில் எதையோ சொல்ல
மைக்கை என்னிடம் தந்தார்.
அது சூடாக இருந்தது. ஈரமாகவும்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, என் கையில்.
மூன்று நொடி, நான்கு நொடி.
எனக்கும் ஒன்று சொல்ல இருந்ததா
என்றுகூட எனக்குத் தெரியவில்லை.
அதற்குள் ஏழாம் வரிசையில் ஒரு கை.

மாலையில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
ரெய்னோ வந்து நின்றார், தொப்பி கையில்.
'எல்லாம் பதிவாகியிருக்குமா, பெண்ணே?'
'ஆமாம்.'
'தெருப் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா?
என் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.'

முடியும். இரண்டு நொடி வேலை.
'அது என் கையில் இல்லை' என்றேன்.
அவர் நம்பினார். நன்றி என்று வேறு சொன்னார்.

அவாலே விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது
காதில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டேன்.
வீடு வாங்கினார். எந்தத் தெருவில்.
பிறகு அந்தப் பெயர்.
பெயருக்கு முன்னால், மிக அருகில்,
யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்.
மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
ரெய்னோ இல்லை.
நான்.